அந்த மனுசனைச் சந்தி, பிள்ளை

அன்புள்ள துளசிப் பிள்ளைக்கு,

உன்னுடைய நீளமான வாட்ஸ்அப் செய்தி கிடைத்தது. அதற்குப் போனில் நாலு வரி தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. எடுத்துக் கதைக்கலாம் என்றால், நீ இருக்கிற கோபத்தில் நான் ஒரு வசனம் முடிப்பதற்குள் மூன்று வசனம் சொல்லுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதனால்தான் கடிதம். ஷிஃப்ட் முடிந்து வந்து, முகம் கழுவி, ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஆறுதலாக வாசி.

முதலில் ஒன்று. உன் அம்மாவுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு முழங்கால் வலி இன்னும் குறையவில்லை. பொலிஸில் சேராதே என்று அவள் அழுத அழுகையை நீயும் மறந்திருக்க மாட்டாய். "பிள்ளைக்கு மேலே முறைப்பாடு வந்திருக்கு" என்று கேள்விப்பட்டால் அன்றிரவு படுக்க மாட்டாள். எல்லாம் முடிந்தபிறகு நீயே அவளுக்குச் சொல்லு. ஒளிக்கத் தேவையில்லை, ஆனால் இப்போது வேண்டாம்.

நீ எழுதியதை வைத்து நான் விளங்கிக்கொண்டது இதுதான். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். பிரேக் விளக்கு எரியாத ஒரு வேனை மறித்திருக்கிறாய். ஓட்டி வந்த மனுசனுக்குப் பக்கத்தில் அவருடைய மகன், ஒன்பது பத்து வயதுப் பையன். என்னை ஏன் மறித்தாய் என்று அவர் கேட்டிருக்கிறார், நீ சொல்லியிருக்கிறாய், அவர் திரும்பவும் அதையே கேட்டிருக்கிறார். அது உனக்கு ஒரு பன்னிரண்டு மணிநேர ஷிஃப்டின் கடைசி நேரம். "வாயை மூடிக்கொண்டு இரு" என்று சத்தம் போட்டுவிட்டாய். பையன் அழத் தொடங்கிவிட்டான். இப்போது அவர் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். பெரிய விசாரணை இல்லாமல் பேசித் தீர்த்துவிடலாம் என்று உன் சார்ஜன்ட் சொல்கிறார். "நான் சட்டப்படிதான் மறிச்சனான், நான் ஏன் சொறி சொல்லோணும் பெரியம்மா?" என்று நீ என்னைக் கேட்கிறாய்.

நீ மறித்தது சரி. சீருடையில் நிற்கிற கான்ஸ்டபிள் எந்த வாகனத்தையும் மறிக்கலாம் என்று பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 163ஆம் பிரிவு சொல்கிறது. அதைப்பற்றி நீ யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. கேட்கவும் கூடாது, அது பொய்யாகிப் போகும். ஆனால் நீ மறித்ததைப் பற்றியா அந்த மனுசன் முறைப்பாடு கொடுத்தார்? நீ அனுப்பிய செய்தியையே எடுத்துப் பார். தன்னுடைய பிள்ளைக்கு முன்னால் தன்னை அப்படிப் பேசியதைத்தான் அவர் எழுதியிருக்கிறார். நீ அவர் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாய், பிள்ளை. பிரேக் விளக்கு ஒரு விசயம், உன் வாய் வேறு விசயம். இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டித்தான் உன்னைப் போன்ற இளம் பொலிஸ்காரர் எல்லாரும் தங்களுக்கு வேலி போட்டுக்கொள்கிறார்கள்.

முறைப்பாட்டுப் பிரிவில் நான் சிவில் ஊழியராக வேலை செய்த காலத்தில் எத்தனையோ பேருடைய குரலைப் போனில் கேட்டிருக்கிறேன். அந்தப் பொலிஸ்காரரை வேலையால் நிற்பாட்டுங்கோ என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. காசு கேட்டவர்கள் அதிலும் குறைவு. "அவர் என்னோட ஏன் அப்பிடிக் கதைச்சவர் எண்டு அவரிட்டயே கேளுங்கோ" என்பதுதான் திரும்பத் திரும்ப வரும். சிலருக்குத் தாங்கள் சொல்வதை ஒருவர் குறுக்கே பேசாமல் கேட்டு எழுதிக்கொண்டாலே போதும், குரல் மாறிவிடும். வீடு உடைத்துக் களவு போய், வருகிறோம் என்று சொன்ன பொலிஸ் வராமலே விட்ட ஆட்கள் இருப்பார்கள். பறித்த போனைத் திருப்பித் தராமல் மாதக்கணக்காக அலைக்கழித்த கதை இருக்கும். முகத்தைப் பார்க்காமலே பதில் சொன்ன கதை இருக்கும். சட்டப் புத்தகத்தில் பார்த்தால் எல்லாம் சின்ன விசயம்தான். ஆனால் அந்த மனுசருக்கு, பொலிஸ் என்றால் யார் என்பது வாழ்நாள் முழுக்க அந்த ஒரு நாளோடு நின்றுவிடும்.

பேசித் தீர்ப்பது என்பதைச் சார்ஜன்ட் உனக்குச் செய்கிற உதவி என்று நினைக்கிறாய் போல. இது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குப் பயிற்சியில் யாராவது சொன்னார்களோ தெரியாது, நான் சொல்கிறேன். 1964ஆம் ஆண்டுப் பொலிஸ் சட்டப்படி, வருகிற ஒவ்வொரு முறைப்பாட்டையும் பதிந்து விசாரிக்க வேண்டும். மரியாதையில்லாமல் பேசினார் என்றாலும் வாக்குமூலம், அறிக்கை, மேலதிகாரி என்று ஒரே இழுவைதான். மாதங்கள் போகும். கடைசியில் வருகிற கடிதத்தில் "நிரூபிக்க முடியவில்லை" என்று இருக்கும். எப்படி நிரூபிப்பது? அவர் சொல்வதும் இவர் சொல்வதும்தானே, அந்தக் காலத்தில் கமராவா இருந்தது? கேட்டவருக்கும் ஒன்றுமில்லை, பொலிஸ்காரர் அத்தனை மாதமும் தலைக்கு மேலே கத்தி தொங்கத் திரிந்ததுதான் மிச்சம்.

1981 ஏப்ரலில் லண்டனில் பிரிக்ஸ்டன் பகுதி எரிந்தது. தெருவில் மறித்துச் சோதிப்பதில் கறுப்பினப் பையன்களுக்குச் சேர்ந்திருந்த கோபம் அது. ஸ்கார்மன் பிரபு விசாரித்து அந்த வருசக் கடைசியில் அறிக்கை கொடுத்தார். பொலிஸ் மீதான முறைப்பாடுகளைக் கையாளுகிற முறையில் சனத்துக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னவர், சின்ன முறைப்பாடுகளை இரண்டு பக்கத்தையும் இணக்கப்படுத்தித் தீர்க்க ஒரு வழி வேண்டும் என்றும் சொன்னார். 1984ஆம் ஆண்டுப் பொலிஸ் மற்றும் குற்றவியல் சாட்சியச் சட்டத்தில் அது வந்தது. நீங்கள் பேஸ் என்று சொல்கிறீர்களே, அதே சட்டம்தான். அடுத்த வருசம் நடைமுறைக்கு வந்தது. ஆகவே இது பொலிஸைக் காப்பாற்றக் கண்டுபிடித்த ஒழுங்கை இல்லை. நகரத்தின் ஒரு பகுதி எரிந்த பிறகு, சாதாரண சனத்துக்கு நேரத்தோடு ஒரு பதில் கிடைக்கட்டும் என்று திறந்த வழி.

அந்த முதல் விதிகளில் எனக்குப் பிடித்த ஒன்று இருந்தது. பொலிஸ்காரர் தான் அப்படி நடந்ததை ஒப்புக்கொண்டால் ஒழிய, அவர் சார்பாக வேறு யாரும் மன்னிப்புக் கேட்கக் கூடாது. எவ்வளவு சரியான விதி பார்! உன் மன்னிப்பை உன் சார்ஜன்ட் போனில் சொல்லி முடித்துவிட முடியாது. இன்னொன்று, முறைப்பாடு கொடுத்தவர் சம்மதித்தால்தான் அந்த வழியில் போகலாம். அந்தச் சம்மதத்தை 2012இல் எடுத்துவிட்டார்கள். அது எனக்கு இன்றைக்கும் மனம் ஒப்பாத மாற்றம். சம்மதம் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால்தான் அதிகாரி அந்த மனுசருக்கு முன்னால் இருந்து ஒழுங்காக விளங்கப்படுத்துவார். கட்டாயம் போனபிறகு, கோப்பை மூடுகிற அவசரம் உள்ளே வந்துவிட்டது.

2020 பெப்ரவரியில் எல்லாவற்றையும் திரும்ப மாற்றினார்கள். அந்த வழிக்குப் பிறகு வைத்த "லோக்கல் ரெசலூஷன்" என்ற பெயரே இப்போது இல்லை. பொலிஸ் சேவை பற்றி ஒருவர் மனக்குறை சொன்னாலே அது முறைப்பாடுதான், படிவத்தில் எழுதியிருக்க வேண்டும் என்றில்லை. அதைப் போனில் பேசி, விளங்கப்படுத்தி, அவருக்குத் திருப்தி என்றால் அதோடு விடலாம். ஆனால் அவர் "இதை முறையாகப் பதியுங்கோ" என்று சொன்னால் பதிந்தே ஆக வேண்டும், தட்டிக்கழிக்க முடியாது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனமாகக் கேள். முறையாகப் பதியாமல் பேசித் தீர்த்தால், பிறகு மறுபரிசீலனை கேட்கிற உரிமை அவருக்கு இல்லை. பதிந்து தீர்த்தால், முடிவு பிடிக்காவிட்டால் 28 நாளுக்குள் கேட்கலாம். விசயத்தின் பாரத்தைப் பொறுத்து அது உள்ளூர்ப் பொலிஸ் மற்றும் குற்றவியல் ஆணையாளரிடமோ, ஐஓபிசி என்கிற சுயாதீனப் பொலிஸ் கண்காணிப்பு அமைப்பிடமோ போகும். இந்த வித்தியாசம் அவருக்குத் தெரியுமா? ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றுதான் நான் பயப்படுகிறேன். நீ சார்ஜன்டிடம் நேரே கேள்: "அவருக்கு இதை விளங்கப்படுத்தினீங்களா?" என்று. உனக்கு எதிரான முறைப்பாட்டில் நீயே அவருடைய உரிமையைக் கேட்பது விசித்திரமாகத் தெரியும். கேள். தெரிந்துகொண்டு சம்மதித்த மனுசரோடு பேசித் தீர்த்தால்தான் அது தீர்வு. தெரியாத மனுசரைக் கையெழுத்துப் போட வைத்தால் உன் மனமே உனக்குச் சொல்லும்.

இதே இடத்தில் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், உனக்கு வயது போனபிறகும் நினைவிருக்க வேண்டும். எல்லாவற்றையும் பேசித் தீர்க்க முடியாது. அடித்தது, கையைக் காலை முறித்தது, பெண்பிள்ளைகளிடம் தப்பாக நடந்தது, காசு வாங்கியது, தோலைப் பார்த்து நடத்தியது, இவையெல்லாம் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதைத்து முடிக்கிற விசயமில்லை. உன்னோடு வேலை செய்கிற ஒருவன் அப்படி ஏதாவது செய்து, "சின்ன விசயம், சார்ஜன்ட் பேசி முடிச்சிடுவார்" என்று சொன்னால், நீ அதற்குத் துணை போகக் கூடாது. பெரிய பிழையைச் சின்னதாக எழுதி இந்த வழிக்குள் தள்ளினால், சின்னப் பிழைகளுக்கென்று இருக்கிற இந்த நல்ல வழியும் சேர்ந்து கெட்டுவிடும். அதுதான் எனக்கு இதில் உள்ள பெரிய கவலை. உன் விசயம் அந்த ரகமில்லை. அதனால்தான் தைரியமாகப் பேசித் தீர் என்று சொல்கிறேன்.

நான் ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று நினைப்பாய். பிரிக்ஸ்டன் எரிந்த அதே 1981இல், மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. எரித்தவர்களோடு பொலிஸ்காரரும் நின்றார்கள். ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் போயின. அங்கே யாரிடம் போய் முறைப்பாடு கொடுப்பது? எங்களுடைய தலைமுறைக்குப் பொலிஸ் நிலையம் என்றால் தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோகிற இடம். உன் அம்மப்பா சைக்கிளில் போகும்போது அந்த வாசலில் மட்டும் மிதிக்கிற வேகம் கூடும், நானும் உன் அம்மாவும் பின்னால் இருந்து பார்த்திருக்கிறோம். அந்தப் பயத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் இங்கே வந்தோம். இங்கேயும் எங்கட சனம் பொலிஸைப் பற்றி இலேசில் முறைப்பாடு கொடுக்காது, "ஏன் சோலி" என்று விட்டுவிடும். முறைப்பாட்டுப் பிரிவில் இருந்தபோது தமிழ்ப் பெயர் ஒன்று வந்தால் எனக்கு ஒரு விதமான சந்தோசம் வரும். இந்த மனுசன் பயப்படாமல் கேட்டிருக்கிறாரே என்று.

உன்னுடைய வேன்காரர் எந்த ஊர், என்ன மொழி என்று நீ எழுதவில்லை. எழுதாதது நல்லது. யாராக இருந்தாலும், பொலிஸிடம் நியாயம் கேட்டால் கிடைக்கும் என்று நம்பித்தான் அந்தப் படிவத்தை நிரப்பியிருக்கிறார். அந்த நம்பிக்கை உன் கைக்கு வந்திருக்கிறது. அதைத் தொல்லை என்று நினைக்காதே.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதல் வேலை, உன் சீருடைக் கமராப் பதிவைக் கேட்டு வாங்கிப் பார். சத்தத்தோடு, முழுக்க. நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு நினைவிருக்கும். எந்தக் குரலில் சொன்னாய் என்பது நினைவிருக்காது. பையன் இருந்த பக்கத்தையும் பார். அதற்குப் பிறகும் நீ பிழை செய்யவில்லை என்று உனக்குத் தோன்றினால், அப்படியே நேர்மையாகச் சொல்லு. செய்யாத ஒன்றுக்கு உன்னைத் தலைகுனியச் சொல்ல மாட்டேன். பொய் முறைப்பாடும் வரும், அதற்கும் அந்தக் கமராதான் சாட்சி. ஆனால் நீ எனக்கு எழுதியதிலேயே "கத்திட்டன்" என்று இருக்கிறது, பிள்ளை.

இரண்டாவது, அவர் விரும்பினால் நேரில் சந்தி. இதற்கு ஆதாரம் இருக்கிறது. 1991இல் மகுவயரும் கோர்பெட்டும் என்ற இரண்டு பேர் இங்கிலாந்தின் முறைப்பாட்டு முறையைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முழு விசாரணைக்குப் போனவர்களைவிட, பேசித் தீர்த்த வழியில் போனவர்களுக்குத் திருப்தி கூட என்று அதில் வந்தது. பிறகு ஒக்ஸ்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர் சிலர், முறைப்பாடு கொடுத்தவரையும் பொலிஸ்காரரையும் நேரே உட்கார வைக்கிற முறை இருந்த தேம்ஸ் வாலியையும், அது இல்லாத ஹாம்ப்ஷையரையும் ஒப்பிட்டு 2005இல் எழுதினார்கள். முகத்துக்கு முகம் இருந்து பேசிய இடத்தில் ஆட்களின் மனம் கூடுதலாக ஆறியது. நானும் கண்டது அதுதான். நடுவில் ஒரு இன்ஸ்பெக்டர் இருந்து, "அவரிட்டச் சொல்லிட்டன், அவருக்கும் கவலைதான்" என்று போனில் சொன்னால் ஒருவருக்கும் நம்பிக்கை வராது. அவருக்குச் சந்திக்க விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். அப்போது உன் கையால் ஒரு கடிதம் எழுதி, முறைப்பாட்டைப் பார்க்கிறவர் மூலம் கொடுத்துவிடு.

சந்தித்தால் அவரை முதலில் பேச விடு. முழுக்கப் பேசி முடிக்கட்டும். அவர் சொல்வதில் பிழையான விபரம் இருந்தாலும் நடுவில் திருத்தாதே. 163ஆம் பிரிவு, பிரேக் விளக்கு, அன்றைக்கு எத்தனை கோல் வந்தது, ஆட்கள் பற்றாக்குறை, இது ஒன்றையும் முதலில் எடுக்காதே. அவர் கேட்டால் சொல்லு. பிறகு நீ சொல்ல வேண்டியது ஒரு வசனம்தான்: உங்களுடைய மகனுக்கு முன்னால் உங்களோடு அப்படிக் கதைத்தது பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் "ஆனால்" போடாதே. "உங்களுக்கு மனம் நொந்திருந்தால்" என்றும் தொடங்காதே. அவருக்கு நொந்தபடியால்தானே வந்திருக்கிறார், அதில் என்ன "இருந்தால்"? அந்தச் சொல்லைக் கேட்டு எழும்பிப் போனவர்கள் உண்டு. பையனுக்கும் ஒரு வார்த்தை சொல்லக் கேட்டுக்கொள். அப்பா கேள்வி கேட்டதில் பிழை ஒன்றுமில்லை, பொலிஸ் அக்காதான் கோபத்தில் கத்திவிட்டா என்று அவன் கேட்க வேண்டும். எனக்கு இந்த விசயத்தில் பெரிய ஆள் அவன்தான்.

ஸ்டேஷனில் பழைய ஆட்கள் "சொறி சொன்னால் முடிஞ்சுது, உன்ர ரெக்கோர்டில ஏறும்" என்று பயப்படுத்துவதாக எழுதியிருந்தாய். நீ இன்னும் புரோபேஷனில் இருக்கிறபடியால் அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. இந்த அளவான விசயம் மேலிடத்துக்குப் போனாலும், இப்போது இருப்பது திருத்திக்கொள்ளப் பார்க்கிற முறை. என்ன நடந்தது, அடுத்த முறை எப்படி நடக்கலாம் என்று மேலதிகாரியோடு இருந்து பேசி எழுதிவைப்பது. அது ஒழுக்காற்றுத் தண்டனை இல்லை. உன்னுடைய புரோபேஷனைக் கெடுக்கக்கூடியது, நடந்ததை மறைத்து எழுதுவதுதான். அறிக்கையில் "சற்று உரத்த குரலில்" என்று மெழுகாதே. சொன்ன சொல்லை அப்படியே எழுது. கமரா ஒன்று சொல்லி நீ ஒன்று எழுதினால், அவமரியாதையாக இருந்தது நேர்மையீனமாக மாறிவிடும். அதற்குப் பிறகு யாராலும் உன்னைக் காப்பாற்ற முடியாது.

இனி உனக்கு நான் ஏசப் போகிறேன். பன்னிரண்டு மணிநேர ஷிஃப்டில் ஒரு வாழைப்பழமும் எனர்ஜி டிரிங்கும்தான் சாப்பாடு என்று கேள்விப்பட்டேன். நித்திரையில்லாத, பசித்த ஆளுக்கு வாய் முந்தும். நீ சின்ன வயதிலேயே பசித்தால் சண்டை பிடிக்கிற பிள்ளை. நீ நல்ல மனசுள்ளவள், அந்த வாய் உன் மனசு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ரோட்டில் நிற்கிற மனுசருக்கு உன் மனசு எங்கே தெரியப் போகிறது? சீருடையும் வாயும்தான் தெரியும். இரவு ஷிஃப்டுக்குப் போகும்போது சாப்பாட்டுப் பெட்டி கொண்டு போ. புட்டு அவித்துக் குளிரில் வைத்தால் இரண்டு நாளைக்குக் கிடக்கும். வெட்கப்படாமல் ஸ்டேஷனில் சூடாக்கிச் சாப்பிடு.

உன்னோடு அன்றைக்கு நின்ற பிள்ளை யார்? நீ கத்தியபோது அவள் ஒன்றும் சொல்லவில்லையா? அவளைக் குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குச் சூடு ஏறினால் மற்றவர் முன்னுக்கு வந்து கதையை எடுக்க வேண்டும், சூடேறினவர் போய் வாகனத்தின் நம்பரைப் பார்க்க வேண்டும். நல்ல ஜோடிகள் எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள்.

சின்னண்ணாவின் மகளுக்குக் கல்யாணம் ஓகஸ்டில் வைத்திருக்கிறார்கள், லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு, கடைசி நேரத்தில் ஷிஃப்ட் என்று சொல்லாதே. சந்திப்புக்குத் திகதி வைத்தவுடன் எனக்கு அறிவி. போவதற்கு முதல் நாள் விருப்பமென்றால் போன் எடு, நீ சொல்லப் போவதை எனக்கு ஒருதரம் சொல்லிப் பார். நான் அந்த மனுசனாக இருந்து கேட்கிறேன். "ஆனால்" வந்தால் மறிப்பேன்.

அன்புடன்,
உன் பெரியம்மா